சுண்ணாம்புக்கல்லும் அம்மிக்கல்லும்

1

"பஞ்சாங்கம் பாத்துட்டுத்தான் எழுதறேன் பாப்பா. புள்ளைக்கு வருஷத் திதி வர்ற புதங்கிழமை. அங்க என்ன கெடைக்குதோ அத வச்சுப் படைச்சுடு. சின்னவளயாச்சும் பத்திரமா பாத்துக்க. கல்லு, மலைன்னு கெளம்புனா விட்டுடாத."

சிறுவாச்சூரிலிருந்து என் அண்ணன் போட்ட கடுதாசி இது. எனக்கு ஐம்பது நெருங்குகிறது. அவருக்கு நான் இன்னும் பாப்பாதான்.

நான் இங்கிலாந்தில், டெர்பிஷயர் பக்கத்து நிலக்கரிச் சுரங்க ஊர் ஒன்றில் குடியிருக்கிறேன். டாக்டர் மாப்பிள்ளை என்று கட்டிக்கொடுத்தார்கள். டாக்டரும் என்னை அரியலூர் ஸ்டேஷனில் ரயிலேற்றி, அப்புறம் கப்பலேற்றி, இந்தக் குளிரில் கொண்டுவந்து இறக்கிவிட்டார். யுத்தத்தின் நடுவே ஒருநாள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. எங்களுக்கு இரண்டு பிள்ளைகள். மூத்தவன் சாம்பசிவம்; ஊருக்கு அவன் சாம். இளையவள் அஞ்சலை, பள்ளிக்கூடத்தில் ஏஞ்சலா ஆக்கிவிட்டார்கள். போன வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாம்பசிவம் பாறை ஏறப் போய் விழுந்து செத்தான். சுற்றி வளைத்து எழுத எனக்குத் தெரியாது, அதனால் நேரே எழுதிவிட்டேன்.

செத்தவர்களின் ரேஷன் புத்தகத்தை ஆபீசில் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்பது இந்த ஊர்ச் சட்டம். போனேன். கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் சின்னப் பெண் ஒருத்தி. பெற்ற வாயால் செத்துட்டான் என்று நம்மூரில் எவளாவது சொல்வாளா? தவறிட்டான் என்போம். அதையே இங்கிலீஷாக்கி, "மை சன் ஸ்லிப்ட்" என்றேன். அந்தப் பெண் உச்சுக்கொட்டினாள். காலில் அடியா, ஆஸ்பத்திரியில் இருக்கிறானா என்று கேட்டாள். சீக்கிரம் எழுந்து நடமாடிவிடுவான், புத்தகம் உங்களிடமே இருக்கட்டும் என்று திருப்பி நீட்டினாள். நானும் வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். அப்புறம் அஞ்சலை போய்த்தான் அதைக் கொடுத்தாள். அதுவரைக்கும், அலமாரியில் அந்தப் புத்தகம் இருந்த வரைக்கும், சர்க்கார் கணக்கிலாவது என் பிள்ளை உயிரோடு இருந்தான்.

தவறிட்டான் என்று சொன்னதும் தப்புதான். அவன் தவறவில்லை. அவன் பிடித்த கல்தான் தவறியது.

2

கல்லைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

நான் பிறந்த பக்கம் கருங்கல் பூமி. கிணறு வெட்டினால் நாலு முழத்தில் பாறை முட்டும். பாறையை உடைத்து உடைத்து இறங்கி, அடியில் கொஞ்சம் தண்ணீர் தென்பட்டால் குலவை போடுவோம். என் வீட்டுக்காரர் ஊர் அரியலூர், சுண்ணாம்புக்கல் பூமி. ஊரைச் சுற்றிச் சுண்ணாம்புக் காளவாய் புகைந்துகொண்டே இருக்கும். கல்யாணமான புதிதிலிருந்தே எங்களுக்குள் கல் சண்டை உண்டு.

"உங்க ஊருக் கல்லு எதுக்குங்க ஆவும்? வெத்தலைல தடவத்தான் லாயக்கு" என்பேன்.

"உங்க ஊருல கல்லத் தவிர என்னடி இருக்கு? அம்மி இருக்கும், அரைக்க ஒண்ணும் இருக்காது" என்பார்.

"ஏன், எங்க பக்கத்துக் குன்னத்து வெங்காயம் இல்லியா?"

"அதான் எப்பப் பாரு என்னைய அழவுடற."

இப்படியே போகும். யுத்த காலத்தில் இந்த நாட்டில் வெங்காயம் கண்ணில் படாமல் போனபோதுகூட, "ஒங்க அண்ணன ஒரு மூட்டை அனுப்பச் சொல்லேன்" என்று சீண்டினார். அரிசியும் இல்லை. பார்லியைச் சோறு மாதிரி வடித்து, கடுகு தாளித்து, சோறு என்றே பேர் வைத்துச் சாப்பிட்டோம்.

அவர் ஊரை விட்டு வரும்போது ஒரே ஒரு சாமான்தான் ஆசையாக எடுத்துக்கொண்டு வந்தார். உள்ளங்கையகலச் சுண்ணாம்புக்கல், அதன் நடுவே ஒரு கிளிஞ்சல் பதிந்திருக்கும். அரியலூரில் கடல் எங்கே இருக்கிறது? எந்தக் காலத்திலோ இருந்ததாம். சாம்பசிவம் குழந்தையாக இருந்தபோது அதை அவன் கையில் கொடுத்து, "இது நம்மூருடா, காதுல வச்சுப் பாரு, கடல் சத்தம் கேக்குதா?" என்பார். கல்லில் என்ன சத்தம் கேட்கும்? அந்தப் பையனும் கண்ணை மூடிக்கொண்டு, கேக்குது கேக்குது என்பான். அவர் போன பிறகு அந்தக் கல் அவன் மேஜைக்குப் போயிற்று. பேப்பர் பறக்காமல் இருக்க வைத்திருக்கிறான் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

3

சாம்பசிவத்துக்குத் தமிழ் வராது. கேட்டால் புரியும், வாயைத் திறந்தால் இங்கிலீஷ். பள்ளிக்கூடத்தில் சேர்த்த அன்றைக்குப் போன தமிழ் திரும்பி வரவே இல்லை. சின்னதில் சோறு ஊட்டுவதற்காக எங்கள் ஊர்க் கிணறு வெட்டுகிற கதையெல்லாம் சொல்வேன். இடுப்பில் கயிறு கட்டி ஆளைக் கிணற்றுக்குள் இறக்குவார்கள், மேலே நாலு பேர் கயிற்றைப் பிடித்திருப்பார்கள். உள்ளே இருக்கிறவன் "விடு, விடு" என்றால் கயிற்றைத் தளர்த்த வேண்டும், "பிடி" என்றால் இறுக்கிக்கொள்ள வேண்டும். ஒரு வாய் "விடு", ஒரு வாய் "பிடி" என்று கிண்ணம் காலியாகிவிடும். வளர்ந்த பிறகு அதெல்லாம் எங்கே ஞாபகம் இருக்கப்போகிறது?

பெரியவனான பிறகு அவன் என்னிடம் பேசிய தமிழ் ஒரே வார்த்தை. விடும்மா. தலையை வாருடா என்றால் விடும்மா. அண்ணனுக்கு இரண்டு வரி எழுதுடா என்றால் விடும்மா. ஒரு தடவை ஊருக்குப் போய் வரலாம்டா, அப்பா பிறந்த வீட்டைப் பார்த்துவிட்டு வரலாம் என்றால் சிரித்துக்கொண்டே விடும்மா. எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பிள்ளை கைவிட்டுப் போய்விட்டான், வெள்ளைக்காரனாகிவிட்டான் என்று அண்ணனுக்குக் கடுதாசி கடுதாசியாய்ப் புலம்பியிருக்கிறேன். அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில், குளிராக இருக்கிறது, இன்னொரு சட்டை போட்டுக்கொண்டு போடா என்றேன். விடும்மா என்றான். போய்விட்டான்.

சிறுவாச்சூர்க் காளி மேல் எனக்குக் கோபம் இன்னும் தணியவில்லை. திங்கள், வெள்ளி இரண்டு நாள்தான் அவள் கோயில் நடை திறக்கும். நான் தினமும்தான் இங்கிருந்து கும்பிடுகிறேன். என் பிள்ளை கதவு சாத்தியிருக்கிற நாளாகப் பார்த்து விழுந்தான். தட்டினால் அவளுக்குக் கேட்டிருக்காதா? கேட்டும் திறக்கவில்லையா? அடுத்த தடவை ஊருக்குப் போனால் நேரில் நின்று கேட்காமல் விடமாட்டேன்.

4

திதியன்று படையலுக்கு என்ன வைப்பது? அவனுக்குப் பிடித்தது உருளைக்கிழங்கு வறுவலும் கஸ்டர்டும். அதையே வைத்தேன். பார்லிச் சோறும் வைத்தேன். காக்கைக்கு வைக்கப் போனால் ஒரு காக்கை இல்லை. தோட்டத்துப் பக்கம் வேறு என்னவோ பறவை வந்து தின்றுவிட்டுப் போயிற்று. போகட்டும், அவனும் இந்த ஊர்க்காரன்தானே.

சாப்பிட ஃபிராங்க் வந்திருந்தான். பக்கத்துத் தெருச் சுரங்கக்காரர் மகன், அவனும் சுரங்கத்தில்தான் வேலை. சின்ன வயசிலிருந்து சாம்பசிவத்தோடு ஒட்டிக்கொண்டே திரிந்தவன். அன்றைக்குக் கீழே நின்று கயிற்றைப் பிடித்திருந்தவனும் அவன்தான். ஒரு வருஷமாக எங்கள் வீட்டுப் பக்கம் தலைகாட்டவில்லை. அஞ்சலை போய்க் கூப்பிட்டு வந்தாள்.

சாப்பாட்டின் நடுவே அஞ்சலை சொன்னாள். "அம்மா, ஞாயித்துக்கிழமை நான் ஏறப் போறேன். முன்னாடி ஆளா."

"எங்கடி?"

"சாம் ஏறின எடத்துல."

கரண்டியை மேஜையில் எறிந்தேன். "என்னடி சொன்ன? ஒருத்தன வாரிக் குடுத்தது பத்தலையா? படையல் போட்ட எடத்துல ஒக்காந்துக்கிட்டா இதச் சொல்ற?"

"அவன் பாதியில நிறுத்திட்டாம்மா. யாராச்சும் முடிக்கணும்."

"முடிக்காம விட்டா கொறஞ்சு போறதுக்கு அது என்ன எங்கப்பன் வூட்டுக் கல்யாணமா?"

முன்னாடி ஆள் என்றால் என்ன என்று உங்களுக்குச் சொல்லிவிடுகிறேன். நம்மூர்க் கிணற்றில் கயிறு மேலேயிருந்து வரும். விழுந்தால் மேலே இருக்கிறவர்கள் தாங்கிக்கொள்வார்கள். இங்கே பாறையில் இரண்டாவதாக ஏறுகிறவருக்கும் அப்படித்தான். ஃபிராங்க் முன்னாடி போக, அண்ணனும் தங்கையும் இரண்டு வருஷம் அப்படித்தான் பின்னால் ஏறியிருக்கிறார்கள். முதலில் ஏறுகிறவர் கதை வேறு. கயிற்றின் ஒரு நுனியைத் தன் இடுப்பில் கட்டி இழுத்துக்கொண்டு போக வேண்டும். பிடிக்கிறவர் கீழே நிற்பார். வழியில் பாறைமூக்கு ஏதாவது இருந்தால் அதில் ஒரு சுருக்கு மாட்டி, கயிற்றை அதன் வழியாக விட்டுக்கொள்ளலாம். அது கிடைக்கும் வரை விழுந்தால் தரைதான்.

"மேல புடிக்க ஆளில்லாத கயிறு எதுக்குடி? இடுப்புக்கு அழகுக்கா?"

ஃபிராங்க்தான் தயங்கித் தயங்கிப் பேசினான். சாம் ஏறின பாறை சுண்ணாம்புக்கல், அது வேண்டாம் என்றான். முன்னாடி ஆளாக முதல் தடவை போகிறவர்கள் யாரும் அதில் போக மாட்டார்கள், பிடிக்கிற இடமெல்லாம் உதிரும் என்றான். வேல்ஸ் மலை இருக்கிறது, கல் நல்ல கல், ஆனால் நெடுக ஏற வேண்டும், மழை பிடித்துக்கொண்டால் நடுவில் நின்று திண்டாட வேண்டும். பஸ் போகிற தூரத்தில் மேட்டுவெளியின் ஓரமாக ஒரு பாறைச்சுவர் இருக்கிறது; உயரம் குறைவு, கல் கெட்டி, கைக்குச் சொரசொரப்பாக இருக்கும் என்றான்.

"நடுவுல மாட்டிக்கிட்டா?" என்று கேட்டேன்.

பின்பக்கமாக நடந்தே உச்சிக்குப் போய் மேலேயிருந்து கயிறு போட்டுவிடலாம் என்றான். அந்த ஒன்றுதான் எனக்குப் பிடித்திருந்தது.

"இவ்வளவு தெரிஞ்சவன், அன்னைக்கு அவன் சுண்ணாம்புக்கல்லுக்குப் போறப்ப எங்கடா போயிருந்த?" தமிழில்தான் கத்தினேன். அவனுக்குப் புரிந்துவிட்டது.

தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னான். அந்தப் பாறைச்சுவருக்கே போகலாம் என்று வழியெல்லாம் சொல்லிப் பார்த்தானாம். சாம் கேட்கவில்லையாம். பள்ளத்தாக்கில் இருக்கிற அந்தச் சுண்ணாம்புப் பாறையில் ஓரிடத்தில் கிளிஞ்சல் பதிந்திருப்பதைப் பார்த்திருக்கிறான். அதைத் தடவித் தடவிக் காட்டி, இது எங்கள் அப்பாவின் பாறை, எங்கள் ஊர் இப்படித்தான் இருக்கும், முதல் தடவை முன்னாடி போனால் இதில்தான் போவேன் என்றானாம். அதற்கு மேல் என்ன சொல்வது என்று தனக்குத் தெரியவில்லை என்றான் ஃபிராங்க்.

ஐயோ, என் ராசா. அரியலூரை அவன் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. கூப்பிட்டபோதெல்லாம் விடும்மா என்று சிரித்தவன். எங்களை விட்டுப் போய்விட்டான் என்று நான் ஊரெல்லாம் புலம்பிக்கொண்டிருக்க, அவன் அப்பன் ஊரைத் தேடிக்கொண்டல்லவா போயிருக்கிறான். யாரிடம் போய் இதைச் சொல்லி அழுவேன்?

தட்டுகளை எடுத்து அடுக்கினேன். அப்புறம் நான்தான் கேட்டேன். "ஏறித்தான் ஆவணுமாடி?"

அஞ்சலை அழுதாள். "சாமை நெனச்சா பயம் மட்டுந்தாம்மா வருது. அவன் மொகம் வரமாட்டேங்குது. ஒருதடவ அவன் மாதிரி முன்னாடி போயிட்டா வரும்னு தோணுது."

எனக்கும் அந்த முகம் சில நாள் வருவதில்லை.

"அப்ப ஒங்கப்பன் கல்லு வேணாம்" என்றேன். "எங்க ஊருக் கல்லு மாதிரி இருக்கறதுல ஏறு. ஞாயித்துக்கிழமையும் வேணாம். வெள்ளிக்கிழமை போ. ஆத்தா கதவு தெறந்திருப்பா. நானும் வரேன்."

5

வெள்ளிக்கிழமை அஞ்சலை வேலைக்கு லீவு போட்டாள். ஃபிராங்க் ராத்திரி ஷிப்ட் முடித்துக் கண் சிவக்க வந்தான். பஸ்ஸிலிருந்து இறங்கி, காற்று ஆளைத் தள்ளுகிற மேட்டில் புடவையை இழுத்துச் சொருகிக்கொண்டு நடந்தேன்.

பாறையடிக்குப் போனதும் நின்றுவிட்டேன். புல்லுக்குள் அங்கங்கே திருகைக்கல் கிடக்கிறது! வட்ட வட்டமாக, நடுவில் ஓட்டை போட்டு, செய்துவைத்துவிட்டு யாரோ எடுத்துப் போக மறந்த மாதிரி. நம் வீட்டுத் திருகை மாதிரி பத்து மடங்கு. மாவு மில்லுக்காக அந்தக் காலத்தில் இந்தப் பாறையிலிருந்துதான் வெட்டுவார்களாம். எனக்கு அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது. பாறையைத் தடவினேன். எங்கள் ஊர்க் கருங்கல் இல்லைதான். ஆனாலும் அம்மி இனம். உள்ளங்கையில் பரபரவென்று பிடித்தது.

ஃபிராங்க் ஒவ்வொரு பிடியையும் கைமுட்டியால் தட்டிக் காது கொடுத்துக் கேட்டான். உள்ளே விரிசல் இருந்தால் சத்தம் பொத்தென்று இருக்குமாம். பெரம்பலூர்ச் சந்தையில் அம்மி வாங்கப் போனால் நாங்களும் இதைத்தான் செய்வோம். நானும் ஒரு கூழாங்கல்லை எடுத்து, எட்டின மட்டும் தட்டிப் பார்த்தேன். கணீரென்றுதான் கேட்டது.

அஞ்சலை முதலில் மேலேயிருந்து கயிறு போட்டு ஏறினாள். எந்தக் கை எங்கே, எந்தக் கால் எங்கே என்று பார்த்துக்கொண்டு இறங்கினாள். பிறகு கயிற்றைக் கீழே கொண்டுவந்தார்கள். ஒரு நுனியை இடுப்பில் கட்டிக்கொண்டு என்னைப் பார்த்தாள். சட்டைக் காலரைச் சரிசெய்து விட்டேன்.

ஏறினாள். ஃபிராங்க் கயிற்றை முதுகுக்குப் பின்னால் சுற்றிப் பிடித்துக்கொண்டு கழுத்தை நிமிர்த்தி நின்றான். பாதியில் ஒரு கல்லிடுக்கில் சுருக்கை மாட்டினாள். அப்பாடா என்று மூச்சு விட்டேன். அங்கிருந்து மேலே கை எட்டவில்லை போலிருக்கிறது. நின்றாள். அவள் கால் நடுங்குவது கீழேயிருந்தே தெரிந்தது. காற்று விசிறி அடித்தது.

மேலேயிருந்து சத்தம் வந்தது. "விடு!"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஃபிராங்க் சட்டென்று கயிற்றைத் தளர்த்தினான்.

"ஒனக்கு எப்படிடா அது தெரியும்?"

மேலே வைத்த கண்ணை எடுக்காமல் சொன்னான். காற்றில் இங்கிலீஷ் வார்த்தை ஒன்றுக்கொன்று குழம்பிவிடும், அதனால் ஆரம்பத்திலிருந்தே அவர்களுக்குள் விடு, பிடி இரண்டும்தானாம். சாம் சொல்லிக் கொடுத்ததாம். எங்கள் அம்மா ஊர்க் கிணற்றில் இப்படித்தான் சொல்வார்கள், அங்கே யாரும் விழுந்ததே இல்லை என்பானாம்.

கிணற்றுக் கதையை அவன் மறக்கவில்லை. ஒரு வாய் விடு, ஒரு வாய் பிடி. அப்பன் கல்லில், என் வார்த்தையைக் கத்திக்கொண்டு ஏறியிருக்கிறான்.

கேட்கக் கூடாது என்று தெரிந்தும் கேட்டேன். "அன்னைக்குக் கடைசியா என்ன சொன்னான்?"

"பிடி" என்றான். அவன் வாயில் அது 'பிடீ' என்று நீண்டது. "நான் பிடித்தேன், அம்மா. இறுக்கித்தான் பிடித்தேன். அவன் ஒரு சுருக்குகூட மாட்டியிருக்கவில்லை." அவன் என்னை அம்மா என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

என் பிள்ளையின் கடைசி வார்த்தை தமிழ். பிடி என்று கேட்டிருக்கிறான். நான் அந்த நேரத்தில் அடுப்படியில் பார்லி களைந்துகொண்டிருந்தேன்.

"விடு!" மேலேயிருந்து மறுபடியும். "விடு! அம்மா, விடு!"

குனிந்து பார்த்தேன். தரையில் குவிந்து கிடந்த கயிற்றை இரண்டு கையாலும் நெஞ்சோடு சேர்த்து இறுக்கிக்கொண்டிருந்தேன். எப்போது எடுத்தேன் என்று தெரியாது. கயிறு ஃபிராங்கைத் தாண்டிப் போக முடியாமல் விறைத்து நின்றது. மேலே என் மகள் ஒற்றைக் கையில் தொங்கிக்கொண்டு என்னைத்தான் பார்த்துக் கத்துகிறாள்.

விட்டுடாத என்று எழுதியிருந்தார் அண்ணன். அவருக்கு என்ன பதில் எழுதுவது என்று இன்னும் தெரியவில்லை.

விட்டேன். கயிறு என் விரலை உரசிக்கொண்டு மேலே ஏறியது.